புற்றுக்காளானும் போதைக்காளானும்

புற்றுக்காளான் என்பது மழைக்காலத்தில் கரையான் புற்றிலிருந்து முளைக்கும், உண்ணத்தகுந்த காட்டுக்காளான். விருதுநகர் மாவட்டத்தின் காரியாபட்டி வட்டாரத்திலும் அதைச் சூழ்ந்த மதுரை, அருப்புக்கோட்டைப் பகுதிகளிலும் பேச்சுவழக்கில் இது 'புத்துக்காளான்'. போதைக்காளான் என்பது சைலோசைபின் என்னும் வேதிப்பொருளைக் கொண்ட, மனமயக்கம் தரும் காளான்களுக்குச் செய்தித்தாள்கள் வழங்கிய பெயர். தமிழ்நாட்டில் இப்பெயர் கொடைக்கானலோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. இவ்விரண்டிலும் சேராத, தின்றால் வாந்தி முதல் சாவு வரை கொண்டுவரும் காளான்கள் அனைத்தையும் கிராமத்தார் 'நாய்க்குடை' என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுகின்றனர்.

இம்மூன்றும் ஒன்றையொன்று ஒத்திருக்கக்கூடியவை. எது உணவு, எது மயக்கம், எது நஞ்சு என்று மனிதர்கள் எப்படிப் பிரித்தறிந்தார்கள், எங்கே தவறினார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

காரியாபட்டி வட்டாரமும் புற்றும்

காரியாபட்டி, மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி செல்லும் சாலையில் உள்ள பேரூர். 1985-ல் இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்குள் வந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய மானாவாரி நிலம். கரிசலும் செவலும் கலந்து கிடக்கும் மண். கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடித்துவிடும் என்பதால் உயர்ந்த புற்றுகளைப் பெரும்பாலும் செவல் காடுகளிலும், கண்மாய்க் கரைகளிலும், பனைமர அடிகளிலும், பழைய வரப்புகளிலுமே காணலாம்.

சிவகாசிப் பக்கத்தில் பட்டாசு வேலை தீபாவளியோடு ஓயும் அதே ஐப்பசியில்தான் இங்கே காளான் தலைகாட்டும். இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பது தமிழகம் முழுவதும் உள்ள நம்பிக்கை. புழுக்கமான சில நாட்களும் அதன்பின் வரும் நல்ல மழையுமே காளானை வெளியே கொண்டுவருகின்றன. அத்தகைய மழை இடியோடு வருவது வழக்கமாதலால் இடிக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

காளான் பறிக்கப் போகிறவர் காளானைத் தேடிப் போவதில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டிய செய்தி. அவர் புற்றைத் தேடிப் போகிறார். எந்தப் புற்றில் போன ஆண்டு முளைத்தது என்பது அவருக்குத் தெரியும். அடுத்த ஆண்டும் அதே இடத்தில், ஏறத்தாழ அதே மழைக்குப் பிறகு முளைக்கும். இந்த இடத்தைப் பிறருக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு. காளானின் நிறம், வடிவம், மணம் எல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். புற்றில் இல்லாத காளான் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நாய்க்குடை. படிப்பறிவில்லாதவர் செய்த எளிய பாகுபாடு போலத் தோன்றும் இது, பூஞ்சையியல் நோக்கில் மிகவும் புத்திசாலித்தனமானது. வடிவம் ஏமாற்றும். கரையானோடு உள்ள உறவு அவ்வளவு எளிதில் ஏமாற்றாது.

கரையான் செய்யும் வேளாண்மை

புற்றுக்குள் நடப்பது ஒருவகை விவசாயம். வேலைக்காரக் கரையான்கள் காய்ந்த புல், சருகு, மரத்தூள் ஆகியவற்றைத் தின்று, பாதி செரித்த நிலையில் வெளியேற்றி, கடற்பஞ்சு போன்ற அடைகளாக அடுக்குகின்றன. அந்த அடையில் ஒரு பூஞ்சை வளர்கிறது. கரையானால் செரிக்க இயலாத மரச்சத்தைப் பூஞ்சை சிதைத்துக் கொடுக்கிறது. பூஞ்சைக்குத் தேவையான ஈரத்தையும் வெப்பத்தையும் கரையான் பார்த்துக்கொள்கிறது. இந்தக் கூட்டு சுமார் 3 கோடி ஆண்டுப் பழமையுடையது. மழைக்காலத்தில் அடையிலிருந்து பூஞ்சை நீண்ட காம்பு விட்டு மண்ணைத் துளைத்து மேலே குடை விரிப்பதையே மக்கள் புற்றுக்காளான் என்று பறிக்கின்றனர். மண்ணுக்கு அடியில் வேர் போல நீண்டு செல்லும் அந்தக் காம்பே இதன் சிறந்த அடையாளம்.

பூஞ்சை வளர்க்கும் கரையான்கள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் மட்டுமே உண்டு. அமெரிக்கக் கண்டங்களிலும் ஆஸ்திரேலியாவிலும் புற்றுக்காளானே கிடையாது. வெளிநாடுகளில் குடியேறிய தமிழர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கரையான் புற்றினுள் பூஞ்சை இருப்பதை முதன்முதலில் எழுதியவர்களில் ஒருவர் தமிழ்நாட்டில் வாழ்ந்தவர். தரங்கம்பாடி டேனிஷ் மிஷனில் மருத்துவராக 1768-ல் வந்து சேர்ந்த ஜோஹன் கெர்ஹார்ட் கோனிக், வகைப்பாட்டியலின் தந்தை எனப்படும் லின்னேயஸின் மாணவர். தஞ்சை வட்டாரக் கரையான்களைப் பற்றி அவர் 1779-ல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட கட்டுரையில் புற்றின் உள் அமைப்பையும் அதிலுள்ள பூஞ்சையையும் விவரித்தார். ஆப்பிரிக்கக் கரையான்களைப் பற்றி ஹென்றி ஸ்மீத்மன் எழுதிப் புகழ்பெற்ற கட்டுரை இதற்கு இரண்டாண்டு கழித்து, 1781-ல் வந்தது. ஸ்மீத்மனின் பெயர் நிலைத்த அளவுக்குக் கோனிக்கின் பெயர் நிலைக்கவில்லை.

பின்னர் இலங்கையில், பேராதனைத் தாவரவியல் தோட்டத்தில் பூஞ்சையியலாளராக இருந்த தாமஸ் பெட்ச் 1906-ல் புற்றுப் பூஞ்சைகளைப் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டார். இந்தக் காளான்களைத் தனிப் பேரினமாகப் பிரித்து 'டெர்மிட்டோமைசஸ்' என்று பெயர் சூட்டியவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்ம், ஆண்டு 1942. இரண்டாம் உலகப் போரில் நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் இருந்ததற்காக வதைமுகாமில் அடைக்கப்பட்டு உயிர் பிழைத்தவர் அவர். பிறகு பாரிஸின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். இந்த ஹெய்ம் இக்கட்டுரையில் மறுபடியும் வருவார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் தென்னிந்தியக் காளான்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த கே. நடராஜன், தென்னிந்தியப் புற்றுக்காளான் ஒன்றைப் புதிய இனமாக விவரித்து 1979-ல் 'டெர்மிட்டோமைசஸ் ஹெய்மியை' என்று பெயரிட்டார். அந்த ஆண்டிலேயே ஹெய்ம் காலமானார்.

பழந்தமிழ் நூல்களில்

சங்க இலக்கியத்தில் காளானின் பெயர் ஆம்பி. ஆனால் அது உணவாக வருவதில்லை, வறுமையின் அடையாளமாக வருகிறது. குமணனைப் பாடிய பெருந்தலைச் சாத்தனாரின் புறநானூற்றுப் பாட்டில் (எண் 164) பல நாள் சமைக்காத அடுப்பில் காளான் முளைத்துக் கிடக்கிறது. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையிலும் பாணர் வீட்டுச் சமையலறையில் அதே காட்சி. சுவரைக் கரையான் அரித்துக் கொட்டிய புழுதியில் உள்துளையுள்ள காளான் பூத்திருக்கிறது. கரையானையும் காளானையும் சேர்த்துப் பார்த்த கண் அது.

புற்றிலிருந்து உணவு எடுத்ததற்கும் சான்று உண்டு, ஆனால் அது ஈசல். பாரியின் பறம்பு நாட்டைப் பற்றிக் கபிலர் பாடிய புறநானூறு 119-ஆம் பாட்டில் செம்புற்றின் ஈசலை மோரில் இட்டுச் சமைத்த புளிப்பு உணவு பேசப்படுகிறது. செவல் மண் புற்றுக்கே உரிய நிறம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

வடமொழி நூல்களில் நிலைமை வேறு. மனுநீதி நூலின் ஐந்தாம் அத்தியாயம் பூண்டு, வெங்காயத்தோடு காளானையும் இருபிறப்பாளருக்கு விலக்குகிறது. இன்றும் பல வீடுகளில் காளான் சமையலறைக்குள் வராததற்கு இந்த மரபும் ஒரு காரணம். ஆகத் தமிழ்நாட்டில் காட்டுக்காளான் பற்றிய அறிவு எழுதப்பட்ட நூல்களில் வளரவில்லை. அது ஆடுமாடு மேய்த்தவர்களிடமும், காட்டுவேலை பார்த்தவர்களிடமும், மழை விட்ட மறுநாள் காலையில் தூக்குச்சட்டியோடு ஓடிய சிறுவர்களிடமும் இருந்தது.

ஒத்த உருவங்கள்

சமவெளியில் புற்றுக்காளானோடு அதிகம் குழப்பப்படக்கூடியது 'குளோரோஃபில்லம் மோலிப்டைட்டஸ்' என்னும் பெரிய வெள்ளைக் குடைக்காளான். மழைக்குப் பின் புல்வெளிகளிலும் தோட்டங்களிலும் முளைக்கும். உலகின் வெப்பப் பகுதிகளில் காளான் நஞ்சேற்றத்துக்கு அடிக்கடி காரணமாவது இதுவே. தின்ற சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பெரும்பாலோர் பிழைத்துவிடுகின்றனர். முதிர்ந்த குடையின் அடிமடல்கள் பச்சை பூக்கும். இளம் பருவத்தில் அவை வெள்ளையாகவே இருக்கும் என்பதால் பச்சை இல்லை என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. மண்ணுக்குள் நீளும் வேர்க்காம்பு இதற்கு இல்லை. காம்பைத் தரைமட்டத்தில் அறுத்துக் கூறு கட்டி விற்கும்போது இந்த ஒரே நல்ல வேறுபாடும் மறைந்துவிடுகிறது.

புற்றில் முளைப்பது எல்லாம் புற்றுக்காளானும் அல்ல. 'பொடாக்சிஸ்' என்னும் வறள்நிலக் காளான் புற்றின் மேல் நீள்முட்டை வடிவில் நிற்கும். கரையான் கைவிட்ட புற்றில் 'சைலேரியா' கறுப்புக் குச்சிகளாக வெளிவரும். இவை கொல்பவை அல்ல. இருந்தாலும் புற்றைப் பார்த்தால் மட்டும் போதாது, வேரையும் பார்க்க வேண்டும் என்பதை இவை காட்டுகின்றன.

உயிருக்கு ஆபத்தான கூட்டம் 'அமானிட்டா' பேரினத்தைச் சேர்ந்தது. அதில் 'சாவுத்தொப்பி' எனப்படும் அமானிட்டா ஃபல்லாய்டஸும் அதன் உறவினங்கள் சிலவும் அமாடாக்சின் என்ற நஞ்சைக் கொண்டவை. வேகவைத்தாலும் வறுத்தாலும் உலர்த்தினாலும் அந்த நஞ்சு அழிவதில்லை. உடலின் செல்கள் புரதம் செய்வதற்கான முதல் படியையே அது நிறுத்திவிடுகிறது. முதலில் அழிவது கல்லீரல்.

இதன் கொடுமை நஞ்சின் வலிமையில் மட்டும் இல்லை, காலத்தாழ்வில் இருக்கிறது. தின்று ஆறு மணி நேரம் முதல் ஒரு நாள் வரை எதுவும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும். அதற்குப் பிறகு ஒரு நாள் உடம்பு தேறிவிட்டதுபோல் தோன்றும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவதும் உண்டு. அதற்குள் கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். 'நேற்று அவர் தின்றார், இன்று நன்றாகத்தானே இருக்கிறார்' என்பதை நம்பி அடுத்தவர் தின்பது இதனால்தான் ஆபத்து. 'கார்ட்டினாரியஸ்' வகைக் காளான்களில் இந்தத் தாழ்வு இன்னும் நீண்டது. 1952-ல் போலந்தில் 102 பேர் நஞ்சுண்டு 11 பேர் இறந்தனர். தின்ற பல நாட்களுக்குப் பிறகே சிறுநீரகம் செயலிழந்ததால் காளான்தான் காரணம் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாயிற்று. ஸ்டானிஸ்வாவ் க்சிமாலா என்ற மருத்துவர் அதை 1957-ல் வெளியிட்டார்.

நாட்டுப்புறச் சோதனைகள் பல வழங்குகின்றன. வெள்ளிக்காசு அல்லது வெள்ளிக்கரண்டி கறுத்தால் நஞ்சு, பூண்டு நிறம் மாறினால் நஞ்சு, புழு அரித்திருந்தால் நல்ல காளான் என்பவை உலகின் பல நாடுகளில் கேட்கப்படுபவை. இவற்றில் ஒன்றுகூட அமாடாக்சினைக் காட்டித்தராது. மனிதனைக் கொல்லும் காளானைப் புழுவும் நத்தையும் நன்றாகவே தின்கின்றன. சாவுத்தொப்பி சுவையாகவே இருந்தது என்று அதை உண்டு பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கசப்பும் நாற்றமும் எச்சரிக்கும் என்று நம்பியிருப்பதிலும் பயனில்லை.

மண் மாறியபோது

வைக்கோல் காளான் ஆசிய நெல்வயல்களின் காளான். 1940களிலேயே சென்னை மாகாண வேளாண்துறை கோயம்புத்தூரில் இதை வளர்த்துப் பார்த்தது. அடியில் கிண்ணம் போன்ற உறையிலிருந்து வெளிவருவது இதன் இயல்பு. சாவுத்தொப்பிக்கும் அதே கிண்ணம் உண்டு. தென்கிழக்காசிய மக்களுக்கு இந்தக் குழப்பம் சொந்த ஊரில் பெரிதாக எழவில்லை. போரினால் அகதிகளாகி அமெரிக்கா சென்றபின் எழுந்தது. 1981-ல் கலிஃபோர்னியாவில் லாவோஸ் அகதிகள் காட்டுக்காளானைப் பறித்துச் சமைத்து நஞ்சுக்கு ஆளாயினர். அவர்கள் அறியாமையால் பறிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சரியாக இருந்த அறிவோடுதான் பறித்தார்கள். அந்த அறிவு வேறொரு மண்ணுக்கு உரியது.

இந்தியாவில் இதன் கொடிய உதாரணங்கள் அசாமில் உள்ளன. 2022 ஏப்ரலில் மேல் அசாம் மாவட்டங்களில் காட்டுக்காளான் தின்று திப்ரூகர் மருத்துவமனையில் சில நாட்களுக்குள் 13 பேர் இறந்தனர். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தார். அந்த மக்களின் முன்னோர் சோட்டா நாக்பூர், ஒடிசா, சென்னை மாகாணம் போன்ற இடங்களிலிருந்து ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுசெல்லப்பட்டவர்கள். ஊர் மாறியதே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2020 ஏப்ரலில் மேகாலயாவின் மேற்கு ஜைந்தியா மலையில், லாமின் என்ற கிராமத்தில், அந்த மண்ணிலேயே வாழ்ந்துவந்தவர்கள் ஆறு பேர் சாவுத்தொப்பி தின்று மாண்டனர். கோடைக்கடைசியில் முதல் மழையும் வீட்டில் வேறு காய்கறி இல்லாத நிலையும் சேரும்போது மரபறிவும் கைவிடலாம்.

மயக்கும் காளான் உலகுக்குத் தெரிந்த கதை

மெக்சிகோவின் வாஹாக்கா மலைப்பகுதியில் மசடெக் பழங்குடியினர் காளானை உணவாகவோ பொழுதுபோக்காகவோ கொள்ளவில்லை. நோயாளிக்காக இரவு முழுதும் நடக்கும் சடங்கில், அதற்கென உள்ளவர் முன்னிலையில் உட்கொண்டார்கள். ஸ்பானியப் பாதிரிமார் அதைப் பேய்வழிபாடு என்று ஒடுக்க, வழக்கம் மலைக்கிராமங்களுக்குள் ஒளிந்தது. 1955 ஜூன் மாதம் நியூயார்க் வங்கியாளர் கோர்டன் வாசன், வாவுட்லா என்ற ஊரில் மரியா சபினா என்ற பெண் மருத்துவர் நடத்திய சடங்கில் கலந்துகொண்டார். 1957 மே மாதம் 'லைஃப்' இதழில் அதை எழுதினார். 'மேஜிக் மஷ்ரூம்' என்ற தொடர் உலகெங்கும் பரவியது அந்தக் கட்டுரையின் தலைப்பால்தான்.

வாசனோடு சென்று காளான்களை இனங்கண்டவர் புற்றுக்காளானுக்குப் பெயர் வைத்த அதே ரோஜர் ஹெய்ம். அவர் பாரிஸில் வளர்த்துக் கொடுத்த காளானிலிருந்து சுவிட்சர்லாந்தின் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1958-ல் சைலோசைபினைப் பிரித்தெடுத்தார்.

கட்டுரை வெளிவந்தபின் வாவுட்லாவுக்கு வெளிநாட்டு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்தனர். காவலர்களும் பின்னால் வந்தனர். ஊரின் அமைதியைக் குலைத்ததாக மரியா சபினாவின் மீது சொந்த ஊராரே சினம் கொண்டனர். அவருடைய வீடு எரிக்கப்பட்டது. தன் சடங்கை வெளியாருக்குக் காட்டியதற்காக அவர் பிற்காலத்தில் வருந்தினார். காளானைத் தேடி வந்தவர்கள் அவரிடமிருந்து எடுத்துச்சென்றது காளானை மட்டுமே. யார், எப்போது, எதற்காக, எவர் துணையோடு என்ற கட்டுப்பாடுகளை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

வாசன் இந்தியாவுக்கும் வந்தார். வேதங்களின் சோமம் ஒரு காளானே என்று 1968-ல் ஒரு பெரிய நூல் எழுதினார். சிவப்புத்தலையில் வெள்ளைப்புள்ளி கொண்ட அமானிட்டா மஸ்காரியா என்பது அவர் கருத்து. கேம்பிரிட்ஜ் வடமொழி அறிஞர் ஜான் பிரஃப் 1971-ல் அதைக் கடுமையாக மறுத்தார். வடமொழியறிஞரிடையே இன்றுவரை அக்கருத்து பெருவாரியான ஏற்பைப் பெறவில்லை. அதைவிட உறுதியான அடித்தளம் கொண்டது சந்தால் மக்களைப் பற்றி வாசனும் ஹெய்மும் செய்த ஆய்வு. சந்தாலி மொழியில் மரஞ்செடிகளும் காளான்களும் உயிரற்ற பெயர்களாகவே வழங்க, 'புட்கா' என்ற ஒரு காளான் மட்டும் உயிருள்ளதாக இலக்கணத்தில் நடத்தப்படுகிறது. புட்கா மயக்கம் தருவதன்று, நல்ல உணவு. ஆன்மா உள்ள காளான் எல்லாம் மயக்கும் காளான்தான் என்று நினைப்போருக்கு இது தக்க விடை.

சித்தர்கள் போதைக்காளானைப் பயன்படுத்தினர் என்று அண்மைக்காலமாகச் சிலர் பேசிவருகின்றனர். அப்படிப் பேசுவோர் பாட்டும் எண்ணும் காட்டினால்தான் அதை வரலாற்றுக்குள் எடுத்துக்கொள்ள முடியும். கஞ்சா சித்த மருத்துவ நூல்களில் வெளிப்படையாக இடம்பெறுகிறது. அதைச் சொல்லத் தயங்காதவர்கள் காளானை மட்டும் மறைத்திருக்கக் காரணம் இல்லை.

கொடைக்கானல்

பழனி மலையின் கொடைக்கானலில் 1845-ல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் முதல் வீடுகளைக் கட்டினர். சமவெளியின் காய்ச்சலுக்குத் தப்பிவந்த குடியிருப்பு பின்னர் சுற்றுலா ஊராயிற்று. ஹிப்பி இளைஞர்கள் இந்தியாவுக்கு வரத் தொடங்கிய காலத்துக்குப் பின் இங்குள்ள காளானின் பேச்சும் பரவியது. வட்டக்கானல் போன்ற சிற்றூர்களுக்கு வெளிநாட்டினரும், பிறகு பெருநகரக் கல்லூரி மாணவரும் அதற்காகவே வருவது வழக்கமாகியது. விற்பவரும் உருவாயினர். மலைவாழ் மக்களின் சடங்கிலோ உணவிலோ இருந்த ஒன்றை வெளியார் கண்டுகொண்ட கதை அல்ல இது. வெளியாரின் தேவை உண்டாக்கிய சந்தை.

தென்னிந்திய மலைகளின் சைலோசைபி இனங்களையும் அறிவியல் முறையில் விவரித்தவர்களில் முக்கியமானவர் கே. நடராஜன். இப்பேரினத்தின் உலகப் பேரறிஞரான மெக்சிகோவின் கஸ்தோன் குஸ்மான் 1995-ல் இந்திய இனம் ஒன்றுக்கு 'சைலோசைபி நடராஜனியை' என்று பெயர் வைத்தார். ஹெய்மின் பெயரை நடராஜன் புற்றுக்காளானுக்கு வைக்க, நடராஜனின் பெயரை மெக்சிகோக்காரர் மயக்கும் காளானுக்கு வைத்தார். உணவுக் காளானையும் போதைக் காளானையும் ஒரே ஆட்கள் ஆராய்ந்தது தற்செயல் அன்று. இவற்றை நஞ்சிலிருந்து பிரிக்க வித்துத்தூளின் நிறம், நுண்ணோக்கியில் வித்தின் வடிவம், செல்களின் அமைப்பு எல்லாம் பார்க்க வேண்டும். அதைப் பழகியவர் உலகிலேயே சிலர்.

சைலோசைபிக்கு ஒத்த உருவங்களில் மிகக் கொடியது 'கலெரினா'. சிறிய பழுப்பு நிறக் காளான். சாவுத்தொப்பியில் உள்ள அதே அமாடாக்சின் இதிலும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விட்பி தீவில் 1981 டிசம்பரில் மூன்று பதின்வயதினர் போதைக்காளான் என்று நம்பிக் கலெரினாவைத் தின்றனர். அவர்களில் 16 வயதுப் பெண் இறந்தாள். சிறிய பழுப்புக் காளான்கள் பூஞ்சையியலாளர்களே கண்ணால் பார்த்து இனம் சொல்லத் தயங்கும் கூட்டம். படத்தைப் பார்த்தோ கைப்பேசிச் செயலியைக் கேட்டோ, காயப்படுத்தினால் நிறம் மாறுகிறதா என்று பார்த்தோ முடிவு செய்யக்கூடியது அல்ல. நிறம் மாறும் காளான்கள் பிற குடும்பங்களிலும் உண்டு.

காரியாபட்டிக்காரர் புற்றைப் பார்த்தார். அவருக்கு ஒரு காளானே தெரியும், மற்றதெல்லாம் நாய்க்குடை. மலைக்குக் காளான் தேடி வருபவரிடம் புற்றும் இல்லை, அந்த மண்ணில் அவருக்கு முன் பறித்த பாட்டியும் இல்லை. சமவெளியில் நாய்க்குடை என்று ஒதுக்கப்படும் கூட்டத்துக்குள்ளேயே அவர் கைவிட்டுத் தேடுகிறார். விற்பவரிடம் வாங்கினாலும், விற்பவர் எதைப் பார்த்துப் பறித்தார் என்பது வாங்குபவருக்குத் தெரியாது.

சட்டம் இதில் தெளிவாகவே இருந்தது. 1971-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை சைலோசைபினை முதல் அட்டவணையில் சேர்த்தது. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் அதை மனமயக்கப் பொருளாகப் பட்டியலிட்டது. கொடைக்கானலில் காளான் விற்றவர்கள் இச்சட்டத்தின்கீழ் கைதாகிவருகின்றனர். காளானின் எடை முழுவதையும் போதைப்பொருளின் எடையாகக் கொள்ளலாமா என்பதே வழக்காடப்படும் கேள்வி. 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றத்தின் நீதிபதி பி.வி. குஞ்ஞிகிருஷ்ணன், காளான் இயற்கையாக விளையும் பூஞ்சை, அதைக் கலவை எனக் கொள்ள இயலாது என்று கூறி ஒரு வழக்கில் ஜாமீன் வழங்கினார். காளான் சட்டப்படி அனுமதிக்கப்பட்டுவிட்டது என்று இதைப் புரிந்துகொண்டோர் பலர். அத்தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை; அதிலுள்ள சைலோசைபின் தடைசெய்யப்பட்ட பொருளாகவே தொடர்கிறது.

மருத்துவ ஆய்வு வேறு திசையில் நடக்கிறது. வேறு மருந்துக்கு இணங்காத மனச்சோர்வுக்குச் சைலோசைபின் உதவுமா என்று மேலைநாடுகளில் ஆராயப்படுகிறது. ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல் குறிப்பிட்ட மனநல மருத்துவர்கள் இதைத் தர அனுமதித்துள்ளது. அங்கே தரப்படுவது அளவறிந்த, ஆய்வகத்தில் செய்த மருந்து. காட்டில் பறித்த காளான் அல்ல.

அருப்புக்கோட்டைப் பால்காளான்

காளான் வரலாற்றில் காரியாபட்டியின் அண்டை ஊரான அருப்புக்கோட்டைக்கு நல்ல இடம் ஒன்று உண்டு. பால்காளான் என்னும் கலோசைபி இண்டிகா 1974-ல் வங்காளத்திலிருந்து புர்காயஸ்தா, சந்திரா ஆகியோரால் விவரிக்கப்பட்ட இந்தியக் காட்டுக்காளான். அதை வணிகப் பயிராக்கியது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஏ.எஸ். கிருஷ்ணமூர்த்தியும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய ரகம் 1998-ல் 'ஏ.பி.கே. 2' என்ற பெயரில் வெளியிடப்பட்டது. அந்த மூன்றெழுத்து அருப்புக்கோட்டையைக் குறிக்கும். கோவிலாங்குளத்தில் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மொட்டுக்காளானுக்குக் குளிர் வேண்டும். பால்காளானோ 30 முதல் 35 பாகை வெப்பத்தில் செழிக்கும். வேகவைத்த வைக்கோலைப் பாலித்தீன் பைகளில் அடைத்து, மேலே மண் பரப்பி, கீற்றுக்கொட்டகைக்குள் வளர்க்கலாம். மானாவாரி ஏமாற்றும் ஆண்டுகளில் கொட்டகைக் காளான் கைகொடுப்பதால் பெண்கள் சுய உதவிக் குழுக்களிடையே இது பரவியது.

புற்றுக்காளானை இப்படி வணிக அளவில் வளர்க்க இதுவரை இயலவில்லை. ஆய்வகத்தில் பூஞ்சை இழை வளர்கிறது, குடை விரிப்பதில்லை. கரையான் இல்லாமல் அது முளைக்க மறுக்கிறது. சீமைக்கருவேலம் மூடிய தரிசுகளும், மனையிடமாக்கப் பொக்லைன் வைத்துச் சமப்படுத்திய செவல் காடுகளும் போக மிஞ்சிய புற்றுகளைத் தேடித்தான் இன்றும் ஐப்பசி மழைக்கு மறுநாள் விடியற்காலையில் போகிறார்கள். வேரோடு நெம்பி எடுத்து, அடிக்காம்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சட்டியில் போடுகிறார்கள்.